முதலில் காற்று, கடைசியில் ஓதம்: தமிழகக் கரையில் மீன்பிடிக்க நாள் பார்ப்பது

தமிழகக் கரையிலிருந்து தூண்டிலோடோ வலையோடோ கடலுக்குப் போக நாள் குறிப்பவர் பார்க்க வேண்டிய வரிசை இது: காற்று, தூரத்திலிருந்து வரும் அலை, நீரோட்டம், நிலா வெளிச்சம், கடைசியாக ஓதம்.

மீன்பிடி ஆப்களும் வெளிநாட்டு யூடியூப் சேனல்களும் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன. முதலில் ஓத அட்டவணை, அடுத்து நிலா, முடிவில் போகிறபோக்கில் காற்றைப் பற்றி ஒரு வரி. அவர்கள் ஊருக்கு அது சரி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் ஒரே நாளில் நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அவ்வளவு தூரம் போவானேன், குஜராத்தின் பாவ்நகர் பக்கமே 10 மீட்டரைத் தொடும். அங்கெல்லாம் ஓதம் தெரியாமல் படகை எடுத்தால் திரும்பி வரும்போது துறையில் சேறுதான் இருக்கும்.

சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். தூத்துக்குடியில் அதற்கும் கீழே. பாக் விரிகுடாவுக்குள் இன்னும் குறைவு. முழங்கால் அளவுத் தண்ணீர் ஏறுவதற்கு ஆப் அலாரம் அடிக்கிறது. அதே நேரம் வெளியே காற்று 15 நாட் வேகத்தில் வீசிக்கொண்டிருக்கும். அதற்கு அலாரம் கிடையாது.

ஆகவே காற்றிலிருந்து தொடங்கலாம்.

கிழக்குக் கரையின் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி மாசி வரை வடகிழக்குக் காற்று. நடுவில் பங்குனி, சித்திரையிலும் புரட்டாசிக் கடைசியிலும் கொஞ்சம் அடங்கிய நாட்கள் கிடைக்கும். மீனவர் பேச்சில் இவை கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று ஓடும். (எந்தப் பெயர் எந்தத் திசை என்பது ஊருக்கு ஊர் ஒரு பங்கு நகரும். நாகப்பட்டினத்தில் கற்றதைக் குளச்சலில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.)

இதன் பலனை மண்டபத்தில் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே நிலம் ஒடுங்கி, வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கடல் பொங்கும். நிலம் மறைப்பதால் வடக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது அப்படியே மாறும். படகுகளும் பருவத்துக்குப் பருவம் பக்கம் மாறும். வெளியூரிலிருந்து தூண்டிலோடு வருகிறவர்கள் ‘ராமேஸ்வரம் வானிலை’ என்று போனில் தட்டி ஒரே ஒரு காற்று வேகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வேகத்தைவிட முக்கியம், அந்தக் காற்றுக்கு எந்தக் கரை முதுகைக் காட்டுகிறது, எது முகத்தைக் காட்டுகிறது என்பதுதான். 12 நாட் தென்மேற்குக் காற்றில் குந்துகால் பக்கம் நிற்கவே முடியாமல் இருக்கலாம். அதே நேரத்தில் வடக்குக் கரையில் பொடிமீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும்.

பருவக்காற்று மாதக் கணக்கு. நாள் கணக்கு வேறு: கரைக்காற்றும் கடற்காற்றும். இரவில் நிலம் குளிர்ந்து காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். பகலில் நிலம் சூடேறி, நண்பகல் வாக்கில் கடலிலிருந்து திரும்பும். பாய்மரக் காலத்தில் கட்டுமரங்கள் விடியுமுன் கரைக்காற்றில் போய், பிற்பகலில் கடற்காற்றில் திரும்பியது இதனால்தான். எஞ்சின் வந்துவிட்டாலும் பழைய நேரம் போகவில்லை. அதற்குக் காரணம் பழக்கம் மட்டுமில்லை. விடியற்காலைக் கடல்தான் நாளிலேயே அடங்கிய கடல். பைபர் படகை அலைக்குள் தள்ள அதைவிட நல்ல நேரம் கிடையாது.

எத்தனை நாட் காற்று வரை போகலாம்? சிறு படகுக்கு 10 நாட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரியும், அவ்வளவுதான். 11 முதல் 16 நாட் வரை நுரை அடிக்கடி வரும். அனுபவம் இல்லாதவர் கரையில் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் தூண்டில்காரருக்கு அது மீன்பிடி இல்லை, தண்டனை. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. வானிலை மையம் கி.மீ.யில் சொல்லும், ஆப்கள் நாட்டில் காட்டும். 20 என்ற எண்ணைப் பார்த்துக் குழம்பியவர்கள் ஏராளம். 20 கி.மீ. என்றால் போகலாம். 20 நாட் என்றால் தூங்கலாம்.)

விண்டி போன்ற ஆப்களில் கலர் கலராக ஓடும் காற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதில் வரும் ஐரோப்பிய மாதிரி கடலை ஏறத்தாழ 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. அமெரிக்க மாதிரி சுமார் 13 கி.மீ. பருவக்காற்றும் புயலும் அந்தக் கண்ணியில் நன்றாக மாட்டும். கடற்காற்று எத்தனை மணிக்கு எழும், எந்தக் குப்பத்துக்கு மேல் இடி இறங்கும் என்பதெல்லாம் நழுவிவிடும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சென்னை, காஞ்சிபுரம் பக்கம் மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. கரையில் இருப்பவருக்கு அது மழை. கடலில் இருப்பவருக்கு அது நிலத்திலிருந்து அடித்து, படகை வெளியே தள்ளும் காற்று. மேற்கே கருக்கல் கட்டி, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் வலையை இழுத்துவிட வேண்டும். கையில் கார்பன் தூண்டில் கம்பு இருந்தால் அதைக் கீழே படுக்கப் போட வேண்டும். மின்னல் நேரத்தில் கார்பன் கம்பைத் தூக்கிப் பிடிப்பது இடிதாங்கியைக் கையில் பிடிப்பதுதான்.

அடுத்தது அலை. காற்று நின்றால் அலையும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பல பேரைக் கவிழ்த்திருக்கிறது.

அலையில் இரண்டு வகை. அந்த இடத்துக் காற்று கிளப்புவது ஒன்று: குட்டையாக, நெருக்கமாக, மூன்று நான்கு வினாடிக்கு ஒன்றாக வரும். பாக் விரிகுடா ஆழமில்லாதது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள். அதனால் அங்கே கொஞ்சம் காற்றடித்தாலும் இந்த அலை செங்குத்தாக நின்று படகை உலுக்கிவிடும். இரண்டாவது வகை, தூரத்துப் புயல் அனுப்புவது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பி, சில நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத ஒரு வெயில் பகலில் குமரிக் கரையில் வந்து ஏறும். 15 வினாடிக்கு மேல் இடைவெளி இருக்கும். நடுக்கடலில் அது ஒன்றுமே தெரியாது. படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கரையைத் தொடும்போதுதான் அதன் கனம் தெரியும். கள்ளக்கடல் என்பது இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் இதன் வரத்து அதிகம். பாறைமேல் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்குக் கடலில் இதைவிட ஆபத்தானது வேறில்லை, ஏனென்றால் வானம் எந்த அடையாளமும் காட்டாது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இதற்குத் தனியாக எச்சரிக்கை விடுகிறது. கன்னியாகுமரி, ராமநாதபுரம் மாவட்டப் பெயர்கள் அதில் அடிக்கடி வரும்.

முன்னறிவிப்பில் ‘அலை உயரம் 1.5 மீட்டர்’ என்று போட்டிருந்தால் எல்லா அலையும் ஒன்றரை மீட்டர் என்று பொருளில்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதன் சராசரியைத்தான் அங்கே சொல்கிறார்கள். தனி அலை ஒன்று அதைப்போல இரண்டு மடங்கு வரை எழலாம். ஆக ஒன்றரை என்றால் அன்றைக்கு எப்போதாவது ஒரு மூன்று மீட்டர் அலை வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்தோடு இடைவெளியையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு மீட்டர், ஐந்து வினாடி என்றால் வயிற்றைப் புரட்டும். ஒரு மீட்டர், 16 வினாடி என்றால் கரையேறும் இடத்தில் ஆளையே புரட்டும்.

சோழமண்டலக் கரையில் பெரும்பாலான குப்பங்களுக்குத் துறைமுகம் கிடையாது. மணலிலிருந்து நேரே அலைக்குள் தள்ளித்தான் போக வேண்டும். அங்கே ஒரு பைபர் படகு இறங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். படகின் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பேர் இடுப்பளவு நீரில் நிற்பார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போகும் வரை யாரும் அசைய மாட்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், அதன் வால் மட்டும் நீருக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு கூட்டம் ஓய்ந்ததும் ஒருவர் குரல் கொடுப்பார். தள்ளு, ஏறு, வாலை இறக்கு, முறுக்கு, எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளில் தவறினால் அன்று முழுவதும் தப்பு. காசு கொடுத்துப் படகில் போகும் தூண்டில்காரர்கள் அந்த நேரத்தில் செல்பி எடுக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

முகத்துவாரங்களில் இன்னொரு சிக்கல். ஆறோ காயலோ கடலில் சேரும் இடத்தில் நீர் வற்றி வெளியே பாயும் நேரத்தில் எதிரே அலை வந்தால், இரண்டும் மோதி அலை நிமிர்ந்து உடையும். அலை அதேதான், ஆனால் ஏறுநீரில் சாதுவாக இருந்தது வற்றுநீரில் படகைக் கவிழ்க்கும். கேரளத்தில் முதலப்பொழி, இந்தப் பக்கம் தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுக வாய்களில் அடிக்கடி விபத்து நடக்கிறது. அங்கே மணல் திட்டும் சேர்ந்துகொள்கிறது. ஓதம் சின்னதாக இருக்கும் இந்தக் கரையிலும் ஓத நேரம் உயிர்ப் பிரச்சினை ஆகும் இடம் முகத்துவாரம்தான்.

நீரோட்டத்தை ஆப்கள் ஏறக்குறைய மறந்தேவிட்டன. மீனவர்களுக்கோ அதுதான் பாதி நாள் பேச்சு. தென்பகுதிக் கரையில் நீவாடு என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே போவது வாநீவாடு, தெற்கிலிருந்து வடக்கே போவது சோநீவாடு. கரையோர நீர் பெரும்பாலும் காற்றுக்குப் பின்னால் போகும். ஆனால் காற்று திரும்பியதும் உடனே திரும்பாது, இழுத்துக்கொண்டே போகும். மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் இன்னொரு பக்கமும் ஓடும் நாட்களும் உண்டு. அன்று வலை முறுக்கிக்கொள்ளும். தூண்டில் ஈயம் எத்தனை கனம் கட்டினாலும் தரையில் நிற்காது. காற்றும் நீவாடும் எதிரெதிராக இருந்தால் கடல் கரடுமுரடாகும். பாம்பன் பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தால் நீர் ஆறுபோல ஓடுவது தெரியும். தென்மேற்குப் பருவத்தில் அது வடக்கே ஓடும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. எந்த ஆப்பும் இல்லாமல் அந்தப் பகுதியின் நீவாட்டைப் படிக்க அதைவிட வசதியான இடம் இல்லை. மற்ற ஊர்களில் முதல் நாள் மாலை கரைக்குப் போய், வலை தட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் “அண்ணே, நீவாடு எப்படி இருக்கு?” என்று கேட்பதுதான் வழி. கேட்டால் சொல்லுவார்கள். கேட்பவர் குறைவு.

இனி நிலா.

நிலாவை மீனோடு சேர்த்துப் பேசும்போது இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று நிலா வெளிச்சம், மற்றொன்று நிலா இழுப்பு. இந்தக் கரையில் வெளிச்சமே பெரிது.

இரவில் மிதக்கவிடும் வலைக்கு இருட்டு வேண்டும். நிலா வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்து விலகிப் போகிறது. மேலே கூட்டமாக வரும் மீன் ஆழத்துக்கு இறங்கியும்விடும். இருட்டில் இன்னொரு உதவியும் உண்டு: கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அசைந்தால் ஒளிரும். மத்திக் கூட்டம் ஒன்று ஓடினால் நீருக்கடியில் பால் கொட்டியதுபோல ஒரு தடம் தெரியும். பழகிய கண் அந்த ஒளியின் அகலத்தையும் வேகத்தையும் வைத்தே என்ன மீன் என்று சொல்லிவிடும். விளக்கு வைத்துப் பிடிக்கும் கணவாய்க்கும் இருட்டே தோது. வானத்தில் முழுநிலா இருக்கும்போது படகு விளக்கின் கவர்ச்சி கரைந்துவிடுகிறது. (எல்.இ.டி. விளக்குகளை அடுக்கிக்கொண்டு பிடிப்பதை மத்திய அரசு 2017-இல் தடை செய்துவிட்டது. இங்கே பேச்சு கைத்தூண்டில்காரரின் சின்ன விளக்கைப் பற்றியது.)

இருட்டு வேண்டும் என்றால் அமாவாசை வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. வளர்பிறை அட்டமியில் அது நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். அதன்பின் விடியும் வரை இருட்டு. அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அது பொருத்தம். தேய்பிறை அட்டமியில் நிலா நள்ளிரவில்தான் எழும். மாலை போய் இரவு திரும்புகிறவருக்கு அது சரி. பௌர்ணமியில் மாலை முதல் காலை வரை வெளிச்சம். அன்று வலைக்காரர் ஓய்வெடுக்கலாம், ஆனால் கண்ணால் இரை தேடும் பாறை மீன், கொடுவா போன்றவற்றுக்குத் தூண்டில் போடுகிறவர் பாலத்தடியில் நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டில் முயலலாம். தினசரிக் காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே திதியும் அச்சாகி இருக்கிறது. நிலா எப்போது, எவ்வளவு என்பதற்கு அது போதும்.

பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் வாங்க வேண்டும் என்று ஒரு பேச்சு எல்லாச் சந்தையிலும் உண்டு. நண்டு ஓட்டை உரித்துப் புது ஓடு கட்டிய சில நாட்களுக்கு உள்ளே தண்ணீராகத்தான் இருக்கும். நிலாவை அண்ணாந்து பார்ப்பதைவிட, நண்டைத் திருப்பி அடிவயிற்று ஓட்டை அமுக்கிப் பார்ப்பது நம்பகமான சோதனை. (அமுக்கினால் விற்கிற அக்கா முறைப்பார். அது தனி ஆபத்து.)

நிலா இழுப்பை வைத்து எழுதப்பட்டவைதான் ஆப்களில் வரும் ‘இன்று மீன் கடிக்கும் நேரம்’ என்ற நட்சத்திரக் குறிகள். இவை ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926-இல் தொடங்கிய சோலூனர் கொள்கையிலிருந்து வருகின்றன. நிலா உச்சியில் இருக்கும்போதும், பூமிக்கு நேர் மறுபக்கம் இருக்கும்போதும் பெரிய கடி நேரம்; எழும்போதும் மறையும்போதும் சின்னக் கடி நேரம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது எல்லாக் கடலுக்கும் எல்லா மீனுக்கும் பொருந்தும் என்று நிறுவப்படவில்லை. விடியலும் அந்தியும் மீனுக்குப் பசிக்கும் நேரம் என்பது நிலாவைக் கேட்காமலே தெரியும். ஐந்து நட்சத்திரம் போட்ட நாளில் 18 நாட் காற்று அடித்தால் அந்த நட்சத்திரங்களை வறுத்துத் தின்ன முடியாது.

காற்றழுத்தத்தைப் பற்றிய ஆலோசனையும் இறக்குமதிச் சரக்கே. அழுத்தம் இறங்கும்போது மீன் கடிக்கும் என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. வெப்ப மண்டலத்தில் அழுத்தம் தினமும் தானாகவே இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு, இடையில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். போனிலுள்ள அழுத்தமானி மதியம் இறங்குவதைப் பார்த்து ‘இன்று மீன் உண்டு’ என்று கிளம்பினால் வருஷம் 365 நாளும் கிளம்ப வேண்டியதுதான். முந்தைய நாள் அதே மணிக்கு இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதிலும் நன்றாகக் குறைந்திருந்தால் மட்டுமே அது செய்தி. அப்போதும் மீனைப் பற்றிய செய்தியாக இருக்காது. வங்கக்கடலில் எங்கோ தாழ்வு உருவாகியிருக்கிறது என்று பொருள்.

ஓதம் கடைசியில் வருகிறது. ஆனாலும் அது இல்லாமல் ஆகாது. காயல், கழிமுகம், பாக் விரிகுடாவின் தட்டையான சேற்றுத் திடல் ஆகிய மூன்று இடங்களில் ஒரு சாண் நீர்கூட எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஓதம் மிகப் பெரிது. அட்டமி, நவமி கழிந்து மிகச் சிறிது. டேராடூனில் சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் துறைமுக ஓத அட்டவணை வெளியிடுகிறது. பல ஆப்கள் பக்கத்துப் பெரிய துறைமுகத்தின் எண்ணையே சிற்றூருக்கும் காட்டும். திறந்த கரைக்கு அது பரவாயில்லை. காயலுக்குள் அது பொய்யாகிவிடும்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் அமாவாசையன்று நீர் நிறையும் மணி ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றேதான். பௌர்ணமிக்கும் அதே மணிதான். அதை ஒரு முறை குறித்துக்கொண்டால் மற்ற நாட்களைத் திதியைக் கொண்டே சொல்லிவிடலாம். ஒரு முகத்துவாரத்தில் அமாவாசையன்று காலை 9 மணிக்கு நிறைகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று நாள் கழித்து 11 மணியைத் தாண்டும். அட்டமியில் மாலை 3 மணி வாக்கில் வந்து நிற்கும். பௌர்ணமியில் மறுபடி 9. (50 நிமிடம் என்பது சராசரி. பெரிய ஓத நாட்களில் அது 40 நிமிடம் பக்கம் குறையும், அட்டமியை ஒட்டி ஒரு மணிக்கு மேல் நீளும்.) இதில் ஒளிந்திருக்கும் செய்தி முக்கியம்: அந்த இடத்தில் பெரிய ஓதமும் காலை 9 மணி வற்றமும் ஒருநாளும் சேராது. வார விடுமுறையில் காலை நேரத்தில் சேற்றுத்திடலில் இறங்கி நண்டு தேட விரும்புகிறவர் அமாவாசையை நம்பினால் இடுப்பளவு நீரில் நிற்பார். அவருக்கு அட்டமிதான் உதவும்.

நீர் ஒரே வேகத்தில் ஏறாது. ஒரு மீட்டர் ஏற்றம் என்றால் முதல் மணியில் 8 செ.மீ., இரண்டாவதில் 17, மூன்றாவதிலும் நான்காவதிலும் 25, பிறகு 17, 8. நடு இரண்டு மணி நேரத்தில்தான் ஓட்டம் பலமாக இருக்கும். கழிமுகத்தில் தூண்டில் போடுகிறவருக்கு அந்த ஓட்டம் தேவை. நீர் வற்றத் தொடங்கியதும் காயலிலிருந்து இறாலும் பொடிமீனும் வெளியே அடித்துக்கொண்டு வரும். கொடுவா மணல் திட்டின் ஓரம் ஒதுங்கி, வருவதை அள்ளும். வளர்ந்த இறால் காயலை விட்டுக் கடலுக்குப் போவதும் பெரும்பாலும் இரவு வற்றில்தான். பழவேற்காட்டில் முகத்துவாரத்தையொட்டிய இடங்களுக்கு இன்றும் பாடு முறையில் சீட்டுப் போட்டு முறை வைப்பதன் காரணமும் இதுவே: எந்த இடத்தில், எந்த நீரில் இறால் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், இடமோ கொஞ்சம்.

காயலில் ஒரு திருகல் உண்டு. கடலில் நீர் உச்சத்தைத் தொட்ட பிறகும் முகத்துவாரம் குறுகலாக இருந்தால் உள்ளே நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அட்டவணை மணிக்கும் ஓட்டம் திரும்பும் மணிக்கும் ஒரு மணி, இரண்டு மணி வித்தியாசம் வரலாம். கோடையில் மணல் மூடி வாயே அடைந்துவிட்டால் (அடையாறு முகத்துவாரத்தில் இது வழக்கம்) ஓதக் கணக்கு மொத்தமும் வீண். ஐப்பசி மழைக்குப் பிறகு வாய் திறந்தால் கலங்கிய நன்னீர் வெளியே தள்ளும். அந்த முதல் சில நாள் இறால்காரருக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று. சென்னைக் கரையில் சராசரிக் கடல் மட்டமே ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும், பங்குனி, சித்திரையில் தாழ்ந்தும் இருக்கும். ஓதமே ஒரு மீட்டர் என்னும்போது இந்த ஓரடி சமாச்சாரம் சின்னதல்ல. ஏப்ரலில் நடந்து கடந்த திட்டை நவம்பரில் அதே திதியில் கடக்க முடியாது. கடலில் புயல் சின்னம் இருந்தால், அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையக் குறைய நீர் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மீன் இருக்கும் இடத்துக்கு இன்காய்ஸ் ஒரு குறிப்பு தருகிறது. கடல் மேற்பரப்பின் வெப்பமும், நுண்பாசியின் பசுமையும் செயற்கைக்கோள் படத்தில் எங்கே சட்டென்று மாறுகின்றன என்று பார்த்து, ஒவ்வொரு இறங்குதளத்திலிருந்தும் திசை, தூரம், ஆழம் என்று சொல்லும். தமிழிலும் வரும். வானம் மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அன்று குறிப்பு இல்லை. வஞ்சிரம், சூரை தேடிப் போகும் படகுக்கு டீசல் மிச்சமாகும். கரையிலிருந்து கிழங்கானுக்குத் தூண்டில் போடுகிறவருக்கு இதனால் பயனில்லை.

எச்சரிக்கைகளைப் பொறுத்தவரை பேரம் கிடையாது. ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.’ என்ற வரி வானொலியில் வந்தால் அந்தப் பகுதிக்கு அன்று பயணம் ரத்து. மீன்வளத் துறையும் விசைப்படகுகளுக்கு டோக்கன் தராது. காற்று 62 கி.மீ.யைத் தாண்டினால் அதற்குப் புயல் என்றே பெயர். 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே குமரி முனையருகே ஒக்கிப் புயலாகிவிட்டது. வாரக்கணக்கில் தங்கிப் பிடிக்கப் போயிருந்த ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி சேர வழியே இல்லை. செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில கிலோமீட்டரில் செத்துவிடும். அதற்கு அப்பால் வி.எச்.எப். கருவி (16-ஆம் சேனல்) அல்லது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிதான் பேசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு நாளுக்கு மேல் கடலில் தங்கும் திட்டம் எதுவாக இருந்தாலும், கிளம்பும் நாளின் வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. திரும்பும் நாளின் முன்னறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

காலண்டரில் வானிலைக்கு முன்பே அடித்துவிட வேண்டிய நாட்களும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மற்ற நாட்களிலும் விசைப்படகு கரையை ஒட்டிய கடலில் பிடிக்கக் கூடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டிலோடு இறங்க முடியாது. பாக் விரிகுடாவில் இரவில் வலையோடு மிதக்கும் படகு நீவாட்டிலேயே எல்லைக்கோட்டுப் பக்கம் நகர்ந்துவிடும் என்பதால் ஜி.பி.எஸ்.ஸை அடிக்கடி பார்க்க வேண்டும். புறப்படுமுன் எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, சொன்ன மணிக்கு வராவிட்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ கடலோரக் காவல்படையின் 1554-க்கோ கூப்பிடச் சொல்லி வைக்க வேண்டும்.